3 என்று எழுதியிருப்பது நோயின் கட்டத்தை அல்ல

கேள்வி: என் அக்காவின் மகனுக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும் ஆகிறது. 31 வாரத்திலேயே பிறந்தவன். ஒன்றரை வயதில்தான் தானாக உட்கார்ந்தான். இப்போது இரண்டு முழங்காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளித் தவழ்கிறான். கட்டிலைப் பிடித்து எழும்பி, பக்கவாட்டில் நாலு எட்டு வைப்பான். குதிகால் நிலத்தில் படாது. கை நன்றாக இருக்கிறது, வாய் ஓயாது. கிளினிக் கொப்பியில் ஒரு டொக்டர் ‘ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா’ என்று எழுதினார். கண்டியில் ‘பைலேட்டரல் ஸ்பாஸ்டிக் சிபி’ என்றார்கள். பிசியோதெரபி துண்டில் ‘ஜிஎம்எஃப்சிஎஸ் 3’ என்று இருக்கிறது. இவை மூன்று நோய்களா? மூன்றாம் கட்டம், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்கிறார்கள் லயத்தில். சிலர் போலியோ என்கிறார்கள். கீழ் டிவிஷனில் இதே சிபி உள்ள 12 வயதுப் பிள்ளை ஒன்று படுத்த படுக்கை. கை கால் முறுக்கும், பேச்சில்லை, தூங்கும்போது மட்டும் உடம்பு துவண்டுவிடும். எங்கள் பையனும் அப்படி ஆகிவிடுவானா? நடப்பானா? – முன்பள்ளி ஆசிரியை ஒருவர், மஸ்கெலியா

பதில்:

டீச்சர், உங்கள் வீட்டில் எல்லாரையும் பயமுறுத்தியிருக்கும் அந்த 3-இலிருந்தே தொடங்குகிறேன். புற்றுநோய்க்குச் சொல்வது போன்ற மூன்றாம் கட்டம் அல்ல அது. முதலில் ஒன்றில் இருந்து, பிறகு இரண்டுக்கு வந்து, இப்போது மூன்றுக்கு முற்றிப்போய், அடுத்து நாலுக்குப் போகும் என்ற கணக்கும் அதில் இல்லை. ஒரு பிள்ளை தன் உடம்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிக் கொண்டுபோகிறது என்பதைச் சொல்லும் இலக்கம் அது. ஜிஎம்எஃப்சிஎஸ் என்பது, சிபி (பெருமூளை வாதம்) உள்ள பிள்ளைகளுக்காகக் கனடாவில் 1997இல் வகுத்த அளவுகோல். 2007இல் 18 வயது வரைக்கும் நீட்டினார்கள். இரண்டு வயதுக்குப் பிறகு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் இலக்கம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கொப்பியிலும் துண்டிலும் எழுதியிருக்கும் அந்த மூன்றும் ஒரே பிள்ளையின் ஒரே நிலைமையைத்தான் சொல்கின்றன. தோட்டத்துக்கு ஒரு கடிதம் போடும்போது தோட்டப் பெயர், டிவிஷன், லய இலக்கம் என்று மூன்றையும் எழுதுகிறோமே, அப்படித்தான் இதுவும். சிபி என்று மட்டும் சொல்வது தோட்டப் பெயரை மட்டும் எழுதுவதற்குச் சமம். எந்த வீடு என்று அதிலிருந்து தெரியாது. இதையெல்லாம் கொப்பியில் ஆங்கிலச் சுருக்கத்தில் கிறுக்கிவிட்டு “அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்புகிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. லயத்தில் ஆளுக்கொரு கதை கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போலியோ கதையை முதலில் முடித்துவிடலாம். போலியோ ஒரு வைரஸ் நோய். முதுகுத்தண்டில் உள்ள நரம்புகளைத் தாக்கி, காலைத் தொளதொளவென்று ஆக்கி மெலியவைக்கும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். 2014இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதுமே போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. உங்கள் பையனின் கால் தொளதொளப்பாக இல்லை, இறுகியிருக்கிறது. இரண்டும் நேரெதிர்.

சிபி, அதாவது பெருமூளை வாதம், ஒற்றை நோயே அல்ல. மூளை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், கருவிலோ பிறக்கும்போதோ பிறந்து கொஞ்ச காலத்துக்குள்ளோ, அதற்கு ஏற்பட்ட ஒரு சேதம். அதனால் அசைவிலும் உடம்பைத் தாங்கி நிறுத்துவதிலும் வாழ்நாள் முழுக்க இருக்கும் குறைபாடு. இந்த இரண்டும் இருந்தால் சிபி என்கிறோம். சேதம் எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் தலைகீழாக மாறும். ஓடிப்போய்ப் பந்து விளையாடுகிற பிள்ளைக்கும் சிபி என்றுதான் பெயர், கழுத்து நிற்காத பிள்ளைக்கும் அதே பெயர்தான். ஆகவே டொக்டர்மார் மூன்று கேள்விகள் கேட்டுப் பிரிக்கிறார்கள்: அசைவு என்ன மாதிரி, உடம்பில் எங்கே, அன்றாடத்தில் எவ்வளவு முடிகிறது.

அசைவு என்ன மாதிரி என்பதில் வருவதுதான் ‘ஸ்பாஸ்டிக்’. தசை இறுக்கம். சிபி உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இந்த வகைதான். இந்த இறுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக இழுத்தால் திமிறி எதிர்க்கும், மெதுவாக நீட்டினால் விட்டுக்கொடுக்கும். அதனால் பையனின் காலைச் சட்டென்று இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். குளிரிலும் அழுகையிலும் இறுக்கம் கூடும். உங்கள் பக்கத்துக் காலைப் பனியில் எழும்பினவுடன் பயிற்சி தொடங்குவதைவிட, வெந்நீர் ஊற்றிவிட்டுச் செய்தால் பிள்ளைக்கும் லேசு, செய்கிறவருக்கும் லேசு.

இரண்டாவது வகைக்கு ‘டிஸ்கைனெட்டிக்’ என்று பெயர். இதில் இறுக்கம் ஒரே மாதிரி நிற்காது. ஒரு நிமிஷம் துவளும், அடுத்த நிமிஷம் முறுக்கும். எதையாவது எடுக்க நினைத்தாலே உடம்பு வேறு பக்கம் திரும்பும், முகம் கோணும். தூங்கினால் எல்லாம் அடங்கிவிடும். மூன்றாவது ‘அடாக்சிக்’. நிதானம் இல்லாத தள்ளாட்டம், நடுங்கும் கை. இது அபூர்வம். அப்புறம் இரண்டு வகையும் கலந்து வருவதும் உண்டு.

உடம்பில் எங்கே என்ற இரண்டாவது கேள்விதான் உங்கள் கொப்பியில் இரண்டு பெயர்களாக வந்திருக்கிறது. பழைய முறைப்படி ஒரு பக்கக் கையும் காலும் என்றால் ஹெமிப்ளீஜியா, இரண்டு கால்களும் அதிகமாகவும் கைகள் குறைவாகவும் என்றால் டைப்ளீஜியா, கை கால் நாலும் என்றால் குவாட்ரிப்ளீஜியா. இந்தப் பிரிவினை முயற்சி பழையது. வில்லியம் லிட்டில் என்ற லண்டன் வைத்தியர் 1860களிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதனால் நீண்ட காலம் ‘லிட்டில் நோய்’ என்றே இதை அழைத்தார்கள். மனோதத்துவத்தால் பேர்பெற்ற சிக்மண்ட் ஃப்ராய்ட்கூட 1897இல் பிள்ளைகளின் வாதத்தை வகைப்படுத்தி ஒரு பெரிய நூல் எழுதியவர். பிரசவம் கடினமானதால் வாதம் வந்தது என்று லிட்டில் சொன்னார். கருவிலேயே ஏதோ நடந்திருப்பதால்தான் பிரசவம் கடினமாகியிருக்கலாமே என்று ஃப்ராய்ட் கேட்டார். இன்றைக்கும் பெறுமதியான கேள்வி.

சரி, சிக்கல் என்னவென்றால், கையிலும் கொஞ்சம் இறுக்கம் உள்ள பிள்ளையை ஒரு டொக்டர் டைப்ளீஜியா என்பார், இன்னொருவர் குவாட்ரிப்ளீஜியா என்பார். கோடு எங்கே போடுவது என்பதில் ஒத்துவரவில்லை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பதிவேடு வைக்கத் தொடங்கியபோது இதைச் சுருக்கிவிட்டன: ஒரு பக்கம், அல்லது இரண்டு பக்கமும். அந்த ‘இரண்டு பக்கமும்’தான் பைலேட்டரல். ஆக, முதல் டொக்டர் பழைய முறைப்படி எழுதியிருக்கிறார், கண்டியில் புதிய முறைப்படி எழுதியிருக்கிறார்கள். இருவருமே சரி. யாரையும் சந்தேகப்பட வேண்டாம்.

கை நன்றாக இருந்து கால் மட்டும் ஏன் இப்படி என்று அக்கா யோசிக்கக்கூடும். மாதம் நிறையாமல் பிறக்கும் பிள்ளையின் மூளையில், நடுவே நீர் நிற்கும் அறைகளைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி மிகவும் மென்மையானது. இரத்த ஓட்டம் குறைந்தாலும் தொற்று வந்தாலும் முதலில் அடிபடுவது அதுதான். காலுக்குப் போகும் நரம்பு இழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. கைக்குப் போவது கொஞ்சம் தள்ளி, முகத்துக்குப் போவது இன்னும் தள்ளி. அதனால் 31 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கோலம் வருவது நாங்கள் அடிக்கடி காண்பதுதான். கிரகணத்தில் வெளியே போனதாலோ, கர்ப்பத்தில் எதையோ தின்றதாலோ வந்ததில்லை. அக்காவின் காதில் அப்படி யாராவது ஓதினால் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள்.

இனி அந்த 3. இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் ஐந்து நிலைகளும் இப்படி இருக்கும். நிலை 1 பிள்ளை எதையும் பிடிக்காமல் நடக்கும், கையை விட்டு உட்கார்ந்து விளையாடும். நிலை 2 பிள்ளை மாற்றி மாற்றி முழங்கால் வைத்துத் தவழும், எதையாவது பிடித்து நடக்கும். பின்னால் பிடிப்பில்லாமலும் நடந்துவிடும், ஆனால் மேடு பள்ளத்தில் தடுமாறும். நிலை 3 பிள்ளை உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் இரண்டு காலையும் பின்பக்கமாக மடித்துப் போட்டபடி. இரண்டு முழங்காலையும் ஒன்றாகத் தள்ளித் தவழும். பிடித்து எழும்பிச் சில எட்டு வைக்கும். நிலை 4 பிள்ளையை உட்கார வைத்தால் கையை ஊன்றித்தான் இருக்கும், அறைக்குள் உருண்டோ வயிற்றால் ஊர்ந்தோ போகும். நிலை 5இல் தலையையும் முதுகையும் நிறுத்துவதே கஷ்டம்.

நீங்கள் எழுதியிருக்கும் வர்ணனை 3க்குப் பொருந்துகிறது. ஒரு கடிதத்தை வைத்து நான் நிலையை முடிவுசெய்யவில்லை; பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவர் எழுதியது நம்பக்கூடியது என்றுதான் சொல்கிறேன்.

நடப்பானா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் தானாக உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு விதத்தில் நடக்கிறார்கள். உங்கள் பையன் அந்தப் பக்கத்தில் இருக்கிறான். நிலை 3 என்றால், பள்ளிக்கூட வயதில் வாக்கரையோ ஊன்றுகோலையோ பிடித்து, சமதரையில், வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் நடப்பான். கம்பியைப் பிடித்துப் படியும் ஏறலாம், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். தூரத்துக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். ஆனால் இந்த அளவுகோலை வகுத்தவர்கள் தேயிலை மலையில் இருந்து வகுக்கவில்லை. லயத்திலிருந்து ரோட்டுக்கு வர நாற்பது படியும் ஒரு சறுக்குப் பாதையும் இருந்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் வாக்கர் பிடித்து நன்றாக நடக்கிற பிள்ளையும் வீட்டில் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைதான். அதனால் அடுத்த முறை போகும்போது வீட்டு வாசல், படி, கழிப்பறைக்குப் போகும் வழி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வாக்கர், எவ்வளவு உயரம், சக்கரம் வேண்டுமா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வீட்டிலேயே உங்களிடம் இருக்கும் நல்ல சமதரை இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணைதான். அதன் நீளத்துக்கு, பையனின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவிலான உயரத்தில், ஆடாமல் இரண்டு மூங்கில்களை இறுக்கிக் கட்டினால் நடைப்பயிற்சிக்கு அதுவே போதும். மழைக்கும் நனையாது.

அடுத்த இரண்டு வருடங்களை வீணாக்காதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகள் உட்காருதல், தவழுதல், நடத்தல் என்று தாங்கள் அடையக்கூடிய பெரிய அசைவுகளில் பெரும்பகுதியை ஐந்து வயதுக்குள் அடைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எதுவும் கற்கமாட்டார்கள் என்பதில்லை, வேகம் குறையும்.

அந்தக் கீழ் டிவிஷன் பிள்ளையைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் பையன் அப்படி ஆகமாட்டான். மூளையின் சேதம் பரவுவதில்லை, ஒரு வகை இன்னொரு வகையாக மாறுவதுமில்லை. எனக்கு யோசனை அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். விழித்திருக்கும்போது முறுக்கு, தூங்கினால் துவளுதல் என்பது டிஸ்கைனெட்டிக் வகையின் அடையாளம். மூளையின் ஆழத்தில் அசைவை அடக்கி அளந்துவிடும் பகுதிகள் அடிபட்டிருக்கும். பிறக்கும்போது மூச்சுத் திணறியிருக்கலாம்; அல்லது பிறந்த முதல் நாட்களில் செங்கமாரி (மஞ்சள் காமாலை) கடுமையாகி, நேரத்துக்கு வெளிச்சச் சிகிச்சை கிடைக்காமல் போயிருக்கலாம். இந்த வகையில் பேச்சு வராமல், எச்சில் வடிந்து, உடம்பு சொல் கேட்காமல் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குப் புத்தி நல்ல தெளிவாக இருக்கிறது. எல்லாம் விளங்கும், பதில் சொல்ல வழி இருக்காது. செங்கமாரியால் வந்ததென்றால் காது கேளாமையும் சேர்ந்திருக்கலாம்; அதையும் புத்திக் குறைவு என்று எண்ணிவிடுவார்கள். நீங்கள் டீச்சர், உங்களால் ஒன்று செய்ய முடியும். அந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டு படங்களைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, அம்மா எது, பஸ் எது என்று கேட்டு, கண் எங்கே போகிறதென்று பாருங்கள். அவசரப்படாமல் பொறுத்திருங்கள், அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் வர நேரமாகும். கண் சரியாகப் போனால், ஆஸ்பத்திரியின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுக்கும் காது பரிசோதனைக்கும் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முறுக்கைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. 12 வயது தாமதம்தான், ஆனாலும் போகலாம்.

உங்கள் பையனிடம் திரும்புகிறேன். சேதம் பரவாது என்றேன். ஆனால் ஆஸ்பத்திரியில் “இது கூடிக்கிட்டுப் போகாது, பயப்படாதீங்க” என்று சொல்லும்போது பாதியைத்தான் சொல்கிறார்கள். மூளை அப்படியே இருக்கும், எலும்பு வளரும். எலும்பு நீளும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. அதனால் குதிகால் இன்னும் மேலே போகும், முழங்கால் மடிந்தே நிற்கும், இடுப்பு மூட்டு தன் குழியிலிருந்து மெல்ல விலகும்.

இந்த இடுப்பு விஷயத்தில்தான் எனக்குப் பிடிவாதம். விலகத் தொடங்கும்போது வலிக்காது, வெளியே தெரியாது. வலிக்கத் தொடங்கும்போது பெரிய ஆபரேஷன்தான் மிச்சம். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சிபி பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, இடுப்பு விலகல் அந்த நிலை இலக்கத்தோடு சேர்ந்தே ஏறுவதைக் காட்டியது. நிலை 1இல் யாருக்கும் இல்லை, நிலை 3இல் பத்தில் நாலு பேருக்கு, நிலை 5இல் பத்தில் ஒன்பது பேருக்கு. துண்டில் உள்ள 3இன் உண்மையான பெறுமதி இதுதான். “இடுப்பு எக்ஸ்ரே எடுத்தாச்சா, எடுக்கலேன்னா எப்ப எடுக்கலாம்?” என்று கேட்கும் உரிமையை அது உங்களுக்குத் தருகிறது. முதல் எக்ஸ்ரே இந்த வயதுக்குள் எடுத்திருக்க வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை, டொக்டர் சொல்கிறபடி. நுவரெலியா, டிக்கோயா ஆஸ்பத்திரிகளில் எடுக்கலாம். எலும்பு டொக்டர் பார்க்க வேண்டியிருந்தால் கண்டிக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். பழைய எக்ஸ்ரே படங்களை எறிந்துவிடாமல் வையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கத் தேவை.

இறுக்கத்துக்குச் செய்யக்கூடியவை இருக்கின்றன. கணுக்காலுக்கு அச்செடுத்துச் செய்யும் ஸ்பிளின்ட், தேவைப்பட்டால் கெண்டைத்தசையில் இறுக்கத்தைத் தளர்த்தும் பொட்டுலினம் ஊசி, அதன் பலன் மூன்று மாதம் போல நிற்கும்போது கூடவே கடுமையான பயிற்சி. எண்ணெய் தேய்ப்பதை நான் தடுக்கமாட்டேன். பாட்டி மடியில் போட்டு மெதுவாகத் தேய்த்தால் பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் நரம்பை எடுத்துவிடுகிறேன் என்று முறுக்கி நெரிக்கிறவரிடமும், ஊசி போட்டு மூளையைத் திருப்பித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவரிடமும் போக வேண்டாம். நகையை அடகு வைத்துப் போய்விட்டு, வந்து அழுகிறவர்களைக் கண்டு சலித்துவிட்டேன்.

கைக்கு, பேச்சுக்கு, சாப்பிடுவதற்கு என்று தனித்தனியாக ஐந்தைந்து நிலைகள் கொண்ட அளவுகோல்கள் வேறு இருக்கின்றன. உங்கள் பையனுக்கு அவை இப்போது அவசரமில்லை. தேத்தண்ணியோ பாலோ குடிக்கும்போது அடிக்கடி புரைக்கேறினால் மட்டும் சொல்லுங்கள். கண்ணை ஒரு தரம் காட்டிவிடுங்கள், மாதம் நிறையாத பிள்ளைகளுக்கு மாறுகண் சாதாரணம்.

ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். சிபி உள்ள சின்னப் பிள்ளை, கற்றுக்கொண்டதை மறந்து பின்னால் போகக்கூடாது. நேற்று எழும்பி நின்றவன் இன்று நிற்க முடியாமல் போனாலோ, காலையில் நன்றாக இருந்து அந்தியில் ஒவ்வொரு நாளும் கால் மோசமானாலோ உடனே டொக்டரிடம் சொல்ல வேண்டும். சிபி மாதிரியே தோற்றம் காட்டி, ஒரு மாத்திரையிலேயே அதிசயமாகத் தெளிந்துவிடும் அபூர்வ நோய் ஒன்றும் உண்டு. உங்கள் பையன் குறைமாதத்தில் பிறந்தவன், அவனுக்கு அப்படி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் வகை எழுதியாயிற்று என்று கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது.

கடைசியாகப் பள்ளிக்கூடம். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, கையும் நன்றாக இருக்கிறது. இப்போதே உங்கள் முன்பள்ளியில் சேர்த்துவிடுங்கள். முதலாம் ஆண்டுக்குச் சாதாரணப் பள்ளிக்கூடத்தையே கேளுங்கள். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி, அதில் இவனும் அடக்கம். வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அந்தக் காரணத்தைக் காட்டிச் சேர்க்க மறுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஜனவரியில் போய் நிற்பதைவிட, ஒரு வருடம் முன்னதாக அதிபரைப் போய்ப் பாருங்கள். முதலாம் வகுப்பைக் கீழ் மாடிக்கு மாற்ற முடியுமா, கழிப்பறைச் சுவரில் இவன் உயரத்துக்கு ஒரு பிடிகம்பி அடிக்க முடியுமா என்று கேளுங்கள். குந்தி உட்கார முடியாத பிள்ளை பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டிவிடும், அதனால் கம்பியை முதலில் கேளுங்கள்.